ஐம்பத்தாறாம் மாடிக் கணக்குப்பிள்ளைகள்

சென்ற சில மலர்களில் தொண்டை மண்டலத்துச் சமணக் கல்வெட்டுகளைப் பற்றி எழுதினேன். படித்த அன்பர்கள் நேரில் பார்க்கும்போது நல்ல வார்த்தை சொன்னார்கள். ஒரு சிலர் மட்டும், "ஐயா, நீங்க வியாபாரி. வியாபாரத்தைப் பற்றி ஒரு சரித்திரம் எழுதக்கூடாதா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மும்பையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேரேடும் குறிப்பேடும் விற்றுப் பிழைத்தவன் நான். எந்தக் கடைக்கு எத்தனை பக்கப் பேரேடு போகிறது என்பதை வைத்தே அந்தக் கடையின் நிலைமையைச் சொல்லிவிடுவோம். ஆகவே இம்முறை கணக்கு எழுதுபவர்களைப் பற்றி எழுதுகிறேன். அதிலும் பெரும் செல்வர் ஒருவரின் வீட்டுக் கணக்கை எழுதியவர்களைப் பற்றி.

இப்போது நாளிதழ்களின் வணிகப் பக்கத்தைத் திறந்தால் 'ஃபேமிலி ஆபீஸ்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. குடும்ப அலுவலகம் என்று தமிழில் சொல்லலாம். ஏதோ குடும்பத் தொழில் நடக்கும் ஆபீஸ் என்று நினைத்துவிடக் கூடாது. தொழில் வேறு, இது வேறு. தொழிலிலிருந்து வந்து சேர்ந்த பணத்தை என்ன செய்வது, எதில் போடுவது, வரி எவ்வளவு, யாருக்கு எவ்வளவு தருவது, தருமத்துக்கு எவ்வளவு என்பதை மட்டுமே பார்ப்பதற்காக ஒரு குடும்பம் சம்பளம் கொடுத்து நடத்தும் தனி நிறுவனம் இது. நம் நாட்டில் விப்ரோ அசீம் பிரேம்ஜி 2006 இல் இப்படி ஒன்றைத் தொடங்கினார். இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தியின் குடும்பத்துக்கு 'காட்டமரன்' என்று ஒன்று உண்டு. நம்முடைய கட்டுமரம்தான், இங்கிலீஷ்காரர் வாயில் புகுந்து திரும்பி வந்திருக்கிறது.

இந்த வகை அலுவலகத்துக்கு முன்மாதிரி என்று எல்லோரும் கை காட்டுவது அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் குடும்பத்தை. அதன் வரலாறு நன்றாகப் பதிவாகியிருக்கிறது.

ஜான் டி. ராக்ஃபெல்லர் 1839 இல் பிறந்தவர். தகப்பனார் ஊர் ஊராகப் போய் மருந்து விற்றவர், வீட்டில் தங்காதவர். பையன் பதினாறு வயதில், 1855 செப்டம்பர் 26 அன்று, கிளீவ்லேண்ட் நகரில் ஒரு கமிஷன் மண்டியில் உதவிக் கணக்கராகச் சேர்ந்தான். மூன்று மாதம் கழித்துத்தான் சம்பளம் கிடைத்தது, 50 டாலர். பிற்காலத்தில் உலகத்திலேயே பெரிய பணக்காரர் என்று பெயர் வாங்கிய பிறகும், பிறந்த நாளைவிட அந்த வேலை கிடைத்த நாளைத்தான் அவர் பெரிதாகக் கொண்டாடினார். அந்த வயதிலேயே தன் சொந்த வரவு செலவுக்கு ஒரு சிறு ஏடு போட்டார். 'லெட்ஜர் ஏ' என்று அதற்குப் பெயர். சர்ச்சுக்குப் போட்ட சில்லறைகூட அதில் இருக்கிறது. என்னைப் போன்றவனுக்கு அந்த மனிதரின் எண்ணெய்க் கிணறுகளைவிட இந்த ஏட்டின் மேல்தான் ஆசை.

1870 இல் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியைத் தொடங்கினார். 1882 இல் பல எண்ணெய்க் கம்பெனிகளின் பங்குகளையும் ஒன்பது டிரஸ்டிகளின் கையில் வைத்து ஸ்டாண்டர்ட் ஆயில் டிரஸ்ட் உருவானது. இங்கே ஓர் ஒற்றுமையைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நம்முடைய இந்திய டிரஸ்ட் சட்டமும் அதே 1882 ஆம் ஆண்டுச் சட்டந்தான். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் 'ஒருவர் பெயரில் சொத்து, இன்னொருவருக்குப் பலன்' என்ற இங்கிலீஷ் சட்டக் கருத்து அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் பரவிக்கொண்டிருந்தது என்பதற்கு இது அடையாளம். குடும்ப அலுவலகத்தின் தொடக்கத்தையும் பலர் அந்த 1882 இல்தான் வைக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. செல்வருடைய பணத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு குமாஸ்தா இருப்பது எந்தக் காலத்திலும் உண்டு. குமாஸ்தா வேறு, அலுவலகம் வேறு. அந்த வித்தியாசத்தை உண்டாக்கியவர் 1891 இல்தான் வந்தார்.

அவர் பெயர் ஃபிரெடரிக் கேட்ஸ். கம்ப்யூட்டர் கேட்ஸ் அல்ல, உறவும் அல்ல. (அந்தக் கேட்ஸுக்கும் 'கேஸ்கேட்' என்று ஒரு குடும்ப அலுவலகம் உண்டு, அது வேறு கதை.) இவர் பாப்டிஸ்ட் சபைப் பாதிரியார். சிகாகோ பல்கலைக்கழகத்தைத் தொடங்க ராக்ஃபெல்லரிடம் நன்கொடை கேட்டு வந்தவர். கேட்ட விதமும் கணக்குக் காட்டிய விதமும் ராக்ஃபெல்லருக்குப் பிடித்துப்போயிற்று. அந்தச் சமயம் ராக்ஃபெல்லருக்கு உடம்பு சரியில்லை, கூடவே உதவி கேட்டு வரும் கடிதங்கள் மலைபோல் குவிந்துகொண்டிருந்தன. "நியூயார்க்குக்கு வந்து என் தருமக் கணக்கைப் பாருங்கள்" என்று அழைத்தார். பாதிரியார் வந்தார்.

வந்தவர் தருமக் கணக்கோடு நிற்கவில்லை. ராக்ஃபெல்லர் எண்ணெயில் புலிதான். ஆனால் எண்ணெயில் சம்பாதித்ததை வெளியே போடும்போது, சர்ச்சில் பழகிய இரண்டு நண்பர்களின் பேச்சை நம்பி, நேரில் பார்க்காமலே சுரங்கம், இரும்பு உலை, வாஷிங்டன் மாநிலத்தின் எவரெட் என்னும் புது ஊர் என்று எங்கெங்கோ போட்டிருந்தார். தரும காரியமாக ஊர் ஊராகப் போன கேட்ஸை, "அந்தப் பக்கம் போகும்போது என் முதலீட்டையும் ஒரு பார்வை பாருங்கள்" என்று சொல்லியனுப்பினார். கேட்ஸ் போய்ப் பார்த்து, பல இடங்களில் பணம் வீணாகிவிட்டது என்று எழுதினார். இதை ஒரு முதலாளியிடம் சொல்வது லேசுப்பட்ட காரியம் அல்ல. முதலாளிக்கு நெருங்கிய நண்பர்கள் யோசனை சொன்னது, போதாக்குறைக்கு ஒரே சர்ச். நம்ம ஊர்க் கடைகளில் முனீம்ஜி இப்படி ஒரு சேதியைச் சொல்ல எத்தனை நாள் தொண்டையைக் கனைப்பார் என்று எனக்குத் தெரியும். கேட்ஸ் உடனே சொன்னார். ராக்ஃபெல்லரும் கோபித்துக்கொள்ளாமல், அந்த நண்பர்கள் கையிலிருந்த பொறுப்பையெல்லாம் வாங்கி இவரிடம் கொடுத்தார். அன்றைக்குத்தான் குடும்ப அலுவலகம் பிறந்தது என்பது என் கருத்து. முதலாளியைப் பார்த்து 'இது தப்பு' என்று சொல்லச் சம்பளம் வாங்கும் ஒரு ஆள் அங்கே உட்கார்ந்தார்.

கேட்ஸ் தேறாதவற்றைத் தள்ளினார், தேறுவதைப் பெருக்கினார். மினசோட்டாவின் மெசாபி மலைத்தொடரில் பெரிய இரும்புத் தாதுப் படுகை இருந்தது. அதைக் கண்டு தொழிலாக்கியவர்கள் மெரிட் சகோதரர்கள். 1893 இல் அமெரிக்காவில் பெரும் பணமுடை வந்தபோது அவர்கள் ராக்ஃபெல்லரிடம் கைநீட்ட வேண்டியதாயிற்று. முடிவில் சுரங்கங்கள் இவர் கைக்கு வந்தன, சகோதரர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். மோசடி என்று வழக்குப் போட்டார்கள், வழக்கு மேல்கோர்ட்டு வரை போய்ச் சமரசத்தில் முடிந்தது. 1901 இல் மார்கன் துரை யு.எஸ். ஸ்டீல் என்ற ராட்சதக் கம்பெனியைக் கட்டியபோது இந்தச் சுரங்கங்கள் ஏறத்தாழ 8 கோடி டாலருக்குக் கைமாறின. தாது ஏற்றிப் போன கப்பல்களுக்குத் தனியாக 85 லட்சம் டாலர். ஒரு பாதிரியார் நடத்திய வியாபாரம் இது. மெரிட் குடும்பத்தார் பக்கத்துக் கதையைப் படித்தால் மனசு கனக்கத்தான் செய்கிறது.

கேட்ஸ் முதலாளிக்கு இன்னொன்றும் சொன்னார். பணம் பெருகும் வேகத்துக்கு நீங்கள் கொடுக்கும் வேகம் போதாது, இப்படியே விட்டால் இது உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் நசுக்கிவிடும் என்ற கருத்தில் எழுதினார். எங்கள் சமண நூல்கள் இல்லறத்தாருக்குச் சொல்லும் ஐந்து விரதங்களில் ஒன்று 'பொருள் வரைதல்'. இவ்வளவுக்கு மேல் எனக்கு வேண்டாம் என்று தானே ஒரு கோடு போட்டுக்கொள்வது. கேட்ஸ் கோடு போடச் சொல்லவில்லை, வாய்க்கால் வெட்டச் சொன்னார். 1901 இல் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 1913 இல் ராக்ஃபெல்லர் பவுண்டேஷன் என்று வாய்க்கால்கள் ஓடின. அந்தத் தண்ணீர் நம் பக்கமும் வந்தது. 1920களில் சென்னை மாகாணத்தில் நடந்த கொக்கிப்புழு ஒழிப்பு வேலை, 1932 இல் கொல்கத்தாவில் திறந்த அகில இந்திய சுகாதார நிறுவனம், 1952 இல் பூனாவில் தொடங்கிய வைரஸ் ஆராய்ச்சி மையம் எல்லாவற்றிலும் அந்தப் பவுண்டேஷனின் பணம் உண்டு. கொரோனா காலத்தில் தினமும் பேர் அடிபட்டதே புனே வைராலஜி இன்ஸ்டிடியூட், அதுதான் இது.

இதுவரை சொன்னது நல்ல பக்கம். பேரேட்டில் இரண்டு பக்கம் உண்டல்லவா?

1902 இல் ராக்ஃபெல்லர் குடும்பம் கொலராடோ மாநிலத்தில் நிலக்கரியும் எஃகும் எடுக்கும் ஒரு பெரிய கம்பெனியில் பணம் போட்டது. ஏறத்தாழ 40 சதவீதப் பங்கு. அதைப் பார்த்துக்கொள்ள கேட்ஸின் தாய்மாமன் உறவான லாமாண்ட் பவர்ஸ் என்பவரை அனுப்பினார்கள். நியூயார்க்கில் 26 பிராட்வே என்ற முகவரியில் உட்கார்ந்து மகன் ஜான் ராக்ஃபெல்லர் ஜூனியர் பவர்ஸின் கடிதங்களைப் படித்தார். 1913 செப்டம்பரில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டுக் குளிர்காலம் முழுவதும் கூடாரத்தில் குடும்பத்தோடு இருந்தார்கள். பவர்ஸ் தொழிலாளிகளின் குறை எதுவும் உண்மையில்லை, எல்லாம் வெளியாள் தூண்டுதல் என்று எழுதினார். உங்கள் பின்னால் நாங்கள் நிற்கிறோம் என்று ஜூனியர் பதில் எழுதினார். 1914 ஏப்ரல் தொடக்கத்தில் நாடாளுமன்றக் குழு ஜூனியரைக் கூப்பிட்டு விசாரித்தது. அந்த இடத்துக்குப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். பொறுப்பான ஆட்களை வைத்திருக்கிறோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர் வாதம். இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 20 அன்று, லட்லோ என்ற இடத்தில் மாநிலப் படையினர் சுட்டார்கள், கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டிய பள்ளத்தில் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சு முட்டிச் செத்தார்கள்.

இந்த இடத்தில் நான் பல நாள் நின்றுவிட்டேன். கேட்ஸ் இல்லாத காலம் அல்ல இது. தொழிற்சங்கம் என்றால் அவருக்கும் ஆகாது, பவர்ஸின் கருத்துதான் அவர் கருத்தும். முதலாளியின் நண்பர்களைக் குறை சொல்ல வாய் வந்த மனிதருக்கு, தன் உறவினரின் கடிதத்தைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. பணம் போட்டவர் ஓரிடம், பார்த்துக்கொள்பவர் ஓரிடம், வெட்டுகிறவன் ஓரிடம். நடுவில் ஓடுவது கடிதம் மட்டும். கடிதத்தில் முதலாளிக்குப் பிடித்ததை எழுதுகிறவன் கிடைத்துவிட்டால், எவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்தாலும் அந்தக் கணக்குக்கு மதிப்பில்லை. ஜூனியர் ஒருவகையில் பாடம் படித்தார் என்றே சொல்ல வேண்டும். பின்னாளில் கனடாவின் பிரதமரான மெக்கன்சி கிங்கை ஆலோசகராக வைத்துக்கொண்டார், பவர்ஸை விலக்கினார், 1915 இல் கொலராடோவுக்கு நேரிலேயே போய்ச் சுரங்கத்துக்குள் இறங்கினார். அவர் கொண்டுவந்த தொழிலாளர் பிரதிநிதித் திட்டம் கம்பெனி கைப்பாவைச் சங்கம் என்று எதிர்ப்பும் வாங்கியது.

1922 வாக்கில் தகப்பனார் தன் செல்வத்தின் பெரும்பகுதியை, ஏறத்தாழ 50 கோடி டாலரை, ஜூனியர் பெயருக்கு மாற்றிவிட்டார். ஜூனியருக்கு ஆறு பிள்ளைகள். சொத்தைப் பங்கு போட்டுக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருந்தது. ரயில்வே அரசர் வாண்டர்பில்ட் 1877 இல் இறந்தபோது ஏறத்தாழ 10 கோடி டாலர் விட்டுப் போனார். மகன் எட்டே வருஷத்தில் அதை இரட்டிப்பாக்கினார். அதற்கடுத்த தலைமுறைகள் மாளிகை கட்டியும் பங்கு பிரித்தும் கரைத்தன. ஜூனியர் வேறு வழி எடுத்தார். 1934 இல், அடுத்த ஆண்டு வரி ஏறப்போகிறது என்று தெரிந்து, மனைவி மக்களுக்காக டிரஸ்டுகள் எழுதினார். வருமானம் பிள்ளைகளுக்கு. முதலைத் தொட வேண்டுமானால் ஒரு குழுவின் சம்மதம் வேண்டும். 1952 இல் பேரப்பிள்ளைகளுக்கும் இப்படியே.

வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். காலபாதேவியில் எனக்கு வாடிக்கையான ஒரு கடையில் மூன்று அண்ணன் தம்பிகள் பிரிந்தார்கள். கடை மூன்றாகி, பெயர்ப்பலகை மூன்றாகி, ஒரே தெருவில் ஒருவரை ஒருவர் விலை குறைத்து விற்றார்கள். பழைய முனீம்ஜி யார் பக்கமும் போகாமல் ராஜஸ்தானுக்கு ரயிலேறிவிட்டார். அதன் பிறகு பழைய பாக்கி எவ்வளவு என்பது யாருக்கும் தெரியவில்லை. நம் சட்டத்திலும் தனியார் டிரஸ்டுக்கு வழி உண்டு. ஆனால் என்றென்றைக்கும் என்று எழுத முடியாது. உயிரோடிருப்பவர் ஆயுள், அதன்பின் ஒரு குழந்தை மேஜராகும் வரை, அவ்வளவுதான் கெடு. பொது தருமத்துக்கு எழுதினால் இந்தக் கெடு இல்லை. டாடா சன்ஸின் மூன்றில் இரண்டு பங்கு தரும டிரஸ்டுகளின் கையில் இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

1933 இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் சென்டரின் பெரிய கட்டடம் எழும்பியதும் குடும்ப அலுவலகம் அதன் ஐம்பத்தாறாம் மாடிக்கு ஏறியது. 'அறை 5600' என்பார்கள். அறை என்று பெயரே தவிர, மாடிகள் கணக்கில் இடம். வக்கீல்கள், கணக்கர்கள், முதலீட்டு நிபுணர்கள், வரி நிபுணர்கள். குடும்பத்துப் பிள்ளைகளின் வரிப் படிவம் அங்கே தயாராகும், இன்சூரன்ஸ் அங்கே, நன்கொடைக் கடிதம் அங்கே. உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே தெரியாது. 1974 இல்தான் கதவு கொஞ்சம் திறந்தது. ஜூனியரின் மகன் நெல்சன் ராக்ஃபெல்லரை அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக ஃபோர்டு நியமித்தபோது, இவ்வளவு பணமுள்ள குடும்பத்துக்கு இவ்வளவு அதிகாரமும் சேரலாமா என்று காங்கிரஸ் கேட்டது. அலுவலகத்தின் நிதிப் பொறுப்பாளர் டில்வொர்த் நேரில் வந்து சாட்சி சொன்னார். 84 பேர் கொண்ட குடும்பம், மொத்தச் சொத்து நூறு கோடி டாலருக்கு மேல். கம்பெனிகளை ஆட்டிவைப்பது நோக்கம் அல்ல, முதலீடு மட்டுமே என்றார். டிசம்பரில் நெல்சன் பதவியேற்றார். அதே 1974 இல் குடும்பத்தின் பழைய ஏடுகளையெல்லாம் வைக்க ஓர் ஆவணக் காப்பகமும் தொடங்கினார்கள். நான் சொன்ன 'லெட்ஜர் ஏ' அங்கேதான் இருக்கிறது.

ஆட்கள் பெருகப் பெருக, அலுவலகச் செலவு ஏறியது. இந்தத் தொல்லை எல்லாக் குடும்ப அலுவலகங்களுக்கும் உண்டு. நாலாம் தலைமுறையில் தலைக்கு வரும் பணம் குறைகிறது, வக்கீல் சம்பளம் குறைவதில்லை. ஆகவே 1980 வாக்கில் அலுவலகம் வெளியார் பணத்தையும் கூலிக்குப் பார்க்கத் தொடங்கியது. வீட்டுக் கணக்குப்பிள்ளை ஊர்க் கணக்குப்பிள்ளை ஆனார். 2018 இல் அந்த நிறுவனத்தின் பெரும்பங்கு வெளியார் கைக்குப் போய்விட்டது. ராக்ஃபெல்லர் என்ற பெயர் மட்டும் வாசலில் நிற்கிறது.

வெளியார் பணம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பேங்கிலிருந்து டை கட்டிய தம்பி ஒருவர் என் கடைக்கு வந்தார். "அங்கிள், உங்க ஃபேமிலிக்கு வெல்த் மேனேஜ்மெண்ட் பண்ணித் தரோம்" என்றார். உட்கார வைத்து டீ கொடுத்தேன். ஒவ்வொரு திட்டத்திலும் உனக்குக் கமிஷன் எவ்வளவு தம்பி என்று கேட்டேன். தம்பி டீயைப் பாதியில் வைத்துவிட்டார். நல்ல பையன்தான், பாவம். ஆனால் அவனுக்குச் சம்பளம் கொடுப்பவன் நான் அல்லவே. பெரும் பணக்காரர்கள் சொந்த அலுவலகம் வைத்துக்கொள்வதன் காரணமே இதுதான். உட்கார்ந்திருப்பவர் என்னுடைய ஆள், விற்கிறவனுடைய ஆள் அல்ல.

சொந்த ஆள் என்றால் மட்டும் போதுமா? அமெரிக்காவில் 2008 நெருக்கடிக்குப் பிறகு முதலீட்டு ஆலோசகர்கள் மேல் கட்டுப்பாட்டை இறுக்கினார்கள். ஆனால் ஒரே குடும்பத்தின் பணத்தை மட்டும் பார்க்கும் அலுவலகங்களுக்கு 2011 இல் விதிவிலக்குக் கொடுத்தார்கள். குடும்பம் என்றால் யார்? ஒரு பொது முன்னோரிலிருந்து பத்துத் தலைமுறை வரை என்று அந்த விதி சொல்கிறது. நம்மவர்கள் ஏழு தலைமுறைக்கு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பார்கள், அவர்கள் சட்டத்திலேயே பத்து வைத்துவிட்டார்கள்.

அந்த விதிவிலக்கின் நிழலில் வளர்ந்ததுதான் ஆர்க்கிகோஸ். பில் ஹ்வாங் என்பவர் முன்பு வெளியார் பணத்தை நிர்வகித்துச் சட்டச் சிக்கலில் மாட்டியவர். பிறகு தன் சொந்தப் பணத்துக்கென்று குடும்ப அலுவலகம் வைத்தார். பல பேங்குகளில், ஒன்றுக்கு மற்றொன்று தெரியாமல், கடன்மேல் கடனாகப் பங்குப் பந்தயம் கட்டினார். 2021 மார்ச்சில் சில நாட்களுக்குள் எல்லாம் சரிந்தது. பேங்குகளுக்கு நட்டம் ஆயிரம் கோடி டாலருக்கு மேல், அதில் கிரெடிட் சுவிஸ் பேங்குக்கு மட்டும் 550 கோடி. நூற்றைம்பது வருஷப் பழமையான அந்தப் பேங்க் 2023 இல் இன்னொரு பேங்குக்குள் கரைந்தது, இதுவும் ஒரு காரணம். ஹ்வாங்குக்கு 2024 நவம்பரில் 18 ஆண்டுச் சிறை விதித்தார்கள். அந்த அலுவலகத்திலும் கணக்கர்கள் இருந்தார்கள், நிதிப் பொறுப்பாளர் இருந்தார். அவரும் கூடவே தண்டனை பெற்றார்.

நம் நாட்டில் குடும்ப அலுவலகத்துக்கென்று தனிச் சட்டம் எழுதவில்லை. டிரஸ்டாகவோ கம்பெனியாகவோ கூட்டாண்மையாகவோ பதிவு செய்துகொண்டு நடக்கின்றன. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் மட்டும் 2022 இல் குடும்ப முதலீட்டு நிதி என்று ஒரு வகைக்கு விதி போட்டிருக்கிறார்கள். ராக்ஃபெல்லர் ஜூனியர் டிரஸ்ட் எழுதியது வரிக்குப் பயந்து. இங்கே சாவு வரி 1985 இலேயே போய்விட்டது, செல்வ வரியும் 2015 இல் போய்விட்டது. ஆனாலும் டிரஸ்ட் எழுதுகிறவர் கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. வக்கீல் நண்பர் ஒருவரைக் கேட்டேன். "வரிக்குப் பயமில்லை சார், மருமகளுக்கும் மச்சானுக்கும்தான் பயம்" என்றார்.